ஒரு கிளாசும் இரண்டு மணி நேரமும்

எனக்கு ஒயின் பிடிக்கும். இதைப் படித்தால் என் சொந்த ஊரான நீடாமங்கலத்தில் என்னைத் தெரிந்த பாதிப் பேருக்குப் புரையேறும், மீதிப் பேர் அம்மாவுக்குப் போன் போடுவார்கள். போடட்டும். வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் நானும் கணவரும் எங்கள் பெங்களூரு வீட்டு பால்கனியில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிப்போம். ஒன்றுதான். இரண்டாவது குடித்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அந்த ஒரு கிளாஸ் தீரும்வரை நாங்கள் பேசும் பேச்சுக்காகவே வாரம் முழுக்க ஓடுவேன்.

அப்புறம் குழந்தைக்காக வைத்தியம் ஆரம்பித்தோம். ஊசி, மாத்திரை, காத்திருப்பு, மறுபடியும் ஊசி. முதல் ஊசி போட்ட அன்றே கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மூன்று வருஷம் கழித்து மகள் பிறந்தாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், மகளுக்கு நாலு மாதம் ஆகியும் பெங்களூரு திரும்பவில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் திருமண நாள் வந்தது. என்ன வேண்டும் என்று கணவர் போனில் கேட்டார். புடவை என்பேன், மோதிரம் என்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"ஒரு கிளாஸ் ஒயின்," என்றேன்.

"உங்க அம்மா வீட்டுலயா?" என்றார்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அம்மா அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வருஷா வருஷம் மதுவிலக்குப் பேரணி நடத்துவாள். பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, கையில் வாசகத் தட்டி கொடுத்து, கடைத்தெரு வழியாக நடத்திக்கொண்டு போவாள். மதுக்கடை வாசல் வந்ததும் ஊர்வலம் நின்றுவிடும், கோஷம் இரண்டு மடங்காகும். எல்லாவற்றுக்கும் மேலே அம்மாவின் குரல் கேட்கும். ஒருமுறை மன்னார்குடியில் ஒரு கல்யாணத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இதில் ரம் கலந்திருக்கிறது என்று யாரோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டார்கள். அம்மா எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு, மணமக்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்படிப்பட்டவள்தான் எனக்குப் பிரசவம் பார்த்தாள். பார்த்துக்கொண்ட விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண்ணிடம் சொல்லிவைத்து வாங்கும் பால்சுறா, மூன்று வேளையும் ஒரு டம்ளர் அரிஷ்டம். இந்த அரிஷ்டம் நாட்டு மருந்துக் கடையில் பாட்டிலில் கிடைக்கும், கறுப்பாக, கசப்பும் துவர்ப்புமாக இருக்கும். பிள்ளை பெற்ற உடம்பு தேறும், பால் நன்றாக ஊறும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொடுத்த பத்தியம். பாட்டில் மூடியால் அளந்து குடிக்க வேண்டும். அம்மா மூடியை நம்பமாட்டாள், டம்ளரில்தான் ஊற்றுவாள். மூன்று வேளையும் நான் பால் கொடுக்க உட்காரும் நேரம் பார்த்து டம்ளரோடு வந்து நிற்பாள்.

ஒயின் ஆசை எனக்கு இருந்ததே தவிர, மகளை வைத்து விளையாட நான் தயாராக இல்லை. மூன்று வருஷம் தவம் கிடந்து பெற்றவள். ஒரு சொட்டு அவளுக்குப் போகும் என்றால் அந்த ஒயின் எனக்கு வேண்டாம். அதனால் குழந்தைகள் டாக்டரைக் கேட்பது என்று முடிவு செய்தேன். தடுப்பூசிக்குத் தஞ்சாவூர் போன அன்று அம்மாவும் கூட இருந்தாள். சொட்டு மருந்து வாங்கி வரும்படி அவளைக் கீழே மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, கதவு சாத்தியதும் கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டாக்டர் என்னைவிடச் சின்னவர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பேனாவை மூடி வைத்தார்.

"குடிக்காம இருக்கறதுதான் ரொம்ப சேஃப். அதை முதல்ல சொல்லிடறேன். என்னிக்காவது ஒரு நாள்னா, ஒரு கிளாஸ், அதுவும் சின்னதா, அதோட நிறுத்திக்குங்க. வெறும் வயித்துல வேண்டாம். குழந்தைக்குப் பால் குடுத்துட்டு அப்புறமா குடிங்க. குடிச்சு முடிச்சதுல இருந்து ரெண்டு மணி நேரமாவது ஆகணும், அதுக்குள்ள பால் குடுக்காதீங்க. கூட ஆனா இன்னும் நல்லது."

"பீய்ச்சி வெளியில ஊத்திட்டா?"

"அதனால சீக்கிரம் போயிடாது. ரத்தத்துல இருக்கற வரைக்கும் பால்லயும் இருக்கும். ரத்தத்துல குறையக் குறைய பால்லயும் தானா குறைஞ்சிடும். மார் கட்டிக்கிட்டு வலிச்சா பீய்ச்சுங்க, அவ்வளவுதான். முன்னாடியே பால் எடுத்து ஃபிரிட்ஜுல வச்சுக்குங்க. அன்னிக்குக் குழந்தையைப் பக்கத்துல போட்டுக்கிட்டுத் தூங்காதீங்க." பிறகு ஃபைலைத் திறந்தார். "வேற ஏதும் மருந்து எடுத்துக்கறீங்களா?"

"இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம்," என்றேன்.

வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. சொட்டு மருந்தோடு அம்மா உள்ளே வந்தபோது டாக்டர் குழந்தையின் எடையை எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பறக்காத குறை. படியில் இறங்கும்போது என்னடி தனியா சிரிக்கிற என்று அம்மா கேட்டாள். எடை கூடியிருக்கும்மா என்றேன். அதுவும் உண்மைதான்.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. அலுவலகத்தில் எத்தனையோ வேலைகளைத் திட்டம் போட்டு முடித்திருக்கிறேன், எதற்கும் இப்படி மெனக்கெட்டதில்லை. காலை பதினொன்றுக்குப் பால் கொடுப்பது, உடனே காரில் கிளம்புவது, பன்னிரண்டேகாலுக்குத் தஞ்சாவூர் ஓட்டலில் உட்காருவது, ஒரு மணிக்குக் கிளாசை முடிப்பது, மூன்று மணிக்கு முன்னால் மகளுக்கு மார் கொடுக்காமல் இருப்பது. நடுவில் அவள் விழித்தால் குடிக்க, இரண்டு சின்ன பாட்டில் பால் பீய்ச்சி வைத்தாயிற்று. அவளுக்கு ரப்பர் காம்பு பிடிக்காது, துப்பிவிடுவாள். பாலாடையில் கொடுத்தால் குடிப்பாள். அந்த வேலைக்கு அம்மாவை மிஞ்ச ஆளில்லை. ஃபிரிட்ஜில் தாய்ப்பாலை வைப்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. சுறா வைத்திருந்த பாத்திரத்தை எடுத்துவிட்டு, அது இருந்த ஃபிரிட்ஜ் தட்டை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"மத்தியானம் ஒரு சாப்பாட்டுக்கு ஏன்டி இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றாள்.

"கல்யாண நாள்மா."

கணவர் முந்தைய நாளே வந்துவிட்டார். தனியாக இருக்கும்போது அவரை வா, போ என்றுதான் பேசுவேன். அம்மா எதிரில் மட்டும் வாங்க, போங்க. அன்று காலையில் இருந்த பரபரப்பில் அம்மா எதிரிலேயே கார் சாவியை எடுத்தியா என்று கேட்டுவிட்டேன். அம்மா முறைத்தாள். பத்தே முக்காலுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்ததும் வழக்கம்போல டம்ளரோடு வந்தாள். ஒரே மடக்கில் குடித்தேன். மகள் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினாள். புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு ஓடினேன்.

குறுவை அறுவடை நேரம். சாலையில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். அறுவடை மெஷின் ஒன்று எங்களுக்கு முன்னால் ஆடி அசைந்து போனது. வேறு நாளாக இருந்தால் திட்டியிருப்பேன். அன்று எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. ஜன்னலை இறக்கிவிட்டுப் பாட்டுப் பாடினேன். கணவர் சாலையைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

ஓட்டலில் வெயிட்டர் ஒயினைக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தார், எனக்கு எலுமிச்சை ஜூஸ். அவர் வண்டி ஓட்ட வேண்டும், அதனால் ஜூஸ் அவருக்கு. இரண்டையும் மாற்றி வைத்தார். வெயிட்டர் ஒரு தரம் என்னையும் ஒரு தரம் என் நெற்றியில் இருந்த பெரிய குங்குமப் பொட்டையும் பார்த்துவிட்டு, சைடு டிஷ் என்ன வேணும் மேடம் என்றார். நல்ல மனிதர்.

முதலில் பிரியாணியில் பாதியைச் சாப்பிட்டேன். பிறகு கிளாசைத் தூக்கினேன். முதல் வாய் உள்ளே இறங்கியபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒயின் அவ்வளவு ஒன்றும் நன்றாக இல்லை, கொஞ்சம் புளிப்பு. ஆனால் எதிரில் அவர் இருந்தார், நாங்கள் பேசினோம். டயப்பர் பற்றி இல்லை, தடுப்பூசி பற்றி இல்லை. முன்பு வெள்ளிக்கிழமைகளில் பேசியதுபோல ஊர் வம்பும் உலக வம்பும் பேசினோம். அந்த வைத்தியத்துக்குப் போன பெண்ணும் இந்தப் பிள்ளை பெற்ற பெண்ணும் போக, அதற்கு முன்னால் இருந்த ஒருத்தி இன்னும் எனக்குள் இருக்கிறாள் என்று தெரிந்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசி வாயைக் குடித்துவிட்டு மணி பார்த்தேன். சரியாக ஒன்று. இன்னொன்று வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டேகாலுக்கு, பாதி வழியில், அம்மா போன் செய்தாள்.

"முழிச்சிட்டா. ஒரு பாட்டில் குடிச்சிட்டா. ரெண்டாவதை எட்டி உதைச்சு பாலாடையோட தட்டிவிட்டுட்டா. தரையெல்லாம் பால். பசியில கத்துறா. எங்க இருக்க?"

பின்னணியில் மகள் அழுவது கேட்டது. என் மார் கனத்து ரவிக்கை நனைந்தது. அதுவரை நான் போட்டு வைத்திருந்த திட்டத்தில் அவள் காலுக்கு இடமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டே முக்காலுக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு வந்தோம். கேட் போட்டிருந்தது.

எங்கள் ஊர் கேட்டைப் பற்றித் தெரியாதவர்கள் டெல்டாவில் கிடையாது. ஒரு ரயில் வந்து நிற்கும், என்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுவார்கள், அதற்குள் இன்னொன்று வந்துவிடும். பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கி டீ குடித்துவிட்டு ஏறுவார்கள். பிறந்ததிலிருந்து நான் அந்தக் கேட்டைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. வீடு அந்தப் பக்கம் ஐந்து நிமிஷத்தில் இருக்கிறது, மகள் பசியோடு அழுகிறாள். ஆனால் கேட் இப்போதே திறந்தால் போய் என்ன செய்வேன்? மூன்று மணி ஆகவில்லையே. சீக்கிரம் திற என்றும், கொஞ்சம் பொறு என்றும் ஒரே கேட்டை மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் கார் நின்றபோது இரண்டு மணி ஐம்பத்தேழு நிமிஷம். அம்மா ஒரு தோளில் மகளும் மறு கையில் டம்ளருமாக நின்றிருந்தாள். மகள் முகம் சிவந்து வீங்கியிருந்தது. வாங்கி அணைத்துக்கொண்டேன். அவள் என் மாரில் மோதி மோதித் தேடினாள்.

"அலைஞ்சிட்டு வந்திருக்க. இதைக் குடிச்சிட்டுப் பால் குடு," என்றாள் அம்மா.

"இரும்மா. மூணு நிமிஷம்."

"எதுக்கு மூணு நிமிஷம்? பிள்ளை துடிக்குது, நீ கடியாரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிற."

மகளைத் தோளில் போட்டு நடந்துகொண்டே சொல்லிவிட்டேன். பொய் யோசிக்க நேரமில்லை. ஒரு கிளாஸ் ஒயின் குடித்தேன், ஒரு மணிக்கு முடித்தேன், டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் குடித்தேன், இரண்டு மணி நேரம் ஆக இன்னும் மூன்று நிமிஷம் இருக்கிறது. கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

அம்மா டம்ளரை என் பக்கத்து மேசையில் டொக்கென்று வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவளா தாய் என்று அவள் மனசுக்குள் நினைக்கிறாள் என்று தோன்றியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மகளும் நானும் சேர்ந்து அழுதுகொண்டு அந்த மூன்று நிமிஷத்தையும் நடந்து தீர்த்தோம். மூன்று மணி ஆனதும் உட்கார்ந்து ரவிக்கையைத் திறந்தேன். மகள் பற்றிக்கொண்டதும் வீடு அமைதியானது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மேசையில் இருந்த டம்ளரிலிருந்து. நாலு மாதமாக என் மூக்குக்குக் கீழேயே இருந்த வாசனை. ஆனால் மூன்று வருஷம் கழித்து அன்று மத்தியானம்தான் என் மூக்கு விழித்திருந்தது. புளித்த பழம், அதற்கு அடியில் ஒரு காரம். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் இதே காரம் தொண்டையில் இறங்கியிருந்தது.

"அந்த அரிஷ்டம் பாட்டிலை எடுங்களேன்," என்றேன் கணவரிடம்.

"அது மருந்துடி," என்றாள் அம்மா.

அவர் கொண்டுவந்து லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலிகைகளின் பட்டியல் நீளமாக இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. படிப்பதற்கு முன்னால் அம்மாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு மெதுவாகப் படித்தார். புளிக்க வைக்கும்போது தானாக உண்டான ஆல்கஹால் இதில் இருக்கிறது என்று போட்டிருந்தது. எவ்வளவு என்றும் போட்டிருந்தது. பொடி எழுத்தாக இருந்தாலும் அளவு பொடி அளவாக இல்லை.

நான் அன்றைய நாளைப் பின்னோக்கி நினைத்துப் பார்த்தேன். பத்தே முக்காலுக்கு ஒரு டம்ளர், குடித்த கையோடு மகளுக்கு மார். பத்திரமான பால் என்று ஃபிரிட்ஜில் வைத்த இரண்டு பாட்டிலும் டம்ளரைக் கீழே வைத்ததும் பீய்ச்சியவை. ஒரு கிளாசுக்காக நான் டாக்டரைக் கேட்டேன், கடிகாரம் பார்த்தேன், மகளை அழவிட்டேன். நாலு மாதமாக நாளுக்கு மூன்று தரம் என் அம்மா கையால் குடித்ததற்கு யாரையும் கேட்கவில்லை. மருந்து எடுக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டபோது அது என் நினைவுக்கே வரவில்லை. எனக்கு அது பூண்டுக் குழம்போடு சேர்ந்த ஒன்று.

சிரிப்பு வந்தது. ஆனால் அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பார்வை பேத்தி மேலேயே இருந்தது.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதே?" என்றாள்.

பேரணியில் கடைத்தெருவையே எழுப்பிய குரல் அது. இப்போது டாக்டர் அறையில் என் குரல் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. உடனே டாக்டருக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, யார் எழுதிக் கொடுத்தது என்றார். அம்மா என்றேன். அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.

"குழந்தை நல்லா எடை கூடியிருக்கா, நல்லா விளையாடறா, போன வாரம்தான் நானே பார்த்தேன். பயப்படாதீங்க. ஆனா இன்னையோட அதை நிறுத்திடுங்க. பால் ஊறணும்னு குடுக்கறாங்க, அதுல இருக்கற ஆல்கஹால் பால் இறங்கறதைக் குறைக்கத்தான் செய்யும். இனிமே எதுவா இருந்தாலும் கேட்டுட்டு எடுங்க. எதுக்கும் நாளைக்குக் குழந்தையைக் கொண்டுவந்து ஒரு தடவை காட்டிட்டுப் போங்க."

போனை வைத்தேன். மகள் ஒரு பக்கம் முடித்துவிட்டாள், மறுபக்கம் மாற்றினேன். அம்மா பாட்டிலைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"முட்டி வலிக்கு நானும் இதைத்தானேடி குடிக்கிறேன். இருபது வருஷமா," என்றாள்.

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் அவ்வளவுதான்.

"பேரணி அன்னிக்கு வெயில்ல அவ்வளவு தூரம் நடக்கணுமேன்னு, கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு டம்ளரா குடிச்சிட்டுப் போவேன்."

கணவர் தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைக்கு ஓடினார். அங்கே அவர் சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும். நான் குலுங்கியதில் மகள் மாரை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா முதலில் கோபமாகத்தான் இருந்தாள். பிறகு அவள் வாயும் கோணியது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது.

அடங்கியதும் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கொல்லைப் பக்கம் போனவள் வாசற்படியில் நின்றாள்.

"நீ குடிச்சது எனக்குப் பிடிக்கலை. அது வேற," என்றாள். "ஆனா பிள்ளை அப்படிக் கத்தும்போது அந்த மூணு நிமிஷம் பொறுத்தியே. நானா இருந்தா பொறுத்திருக்க மாட்டேன்டி. குடுத்திருப்பேன்."

சொல்லிவிட்டு டம்ளரில் இருந்ததைக் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றினாள்.